விசாரிக்க ஆளில்லாத வலி



இந்த இதழில் கட்டிட வேலையைப் பற்றியோ கண் சிகிச்சை முகாமைப் பற்றியோ எழுதவில்லை. சாராயமும் அல்லாத, கஞ்சாவும் அல்லாத, நம் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிற ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறோம். அது மாத்திரை. கடையில் பில் போட்டு விற்கப்படுவது. டாக்டர் தம் கையால் எழுதிக் கொடுப்பது. நன்மைக்கென்று உண்டான இந்தப் பொருள் எப்படி ஒரு வீட்டையே அடிமைப்படுத்துகிறது என்பதைச் சபையார் அறிந்திருப்பது அவசியம் என்று உணர்ந்து இதை எழுதுகிறோம். இதில் வரும் நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் முதலில் வருவது ஸ்ரீவில்லிபுத்தூர். அதைத் தாண்டிச் சற்று தூரத்தில் இராஜபாளையம். முதல் ஊருக்குக் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் பேர். அடுத்த ஊருக்கு நூல் மில்களால் பேர். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாட்டின் பல மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேருகிறது. ஊரார் காயங்களுக்குக் கட்டுத்துணி நெய்கிற மக்கள் தங்கள் சொந்த வலிக்கு என்ன செய்கிறார்கள்? இந்தக் கேள்வியில்தான் எங்கள் கட்டுரை தொடங்குகிறது.

"மாத்திரை இல்லை, செட் மட்டும்தான்"

இராஜபாளையம் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். வயது நாற்பதுக்குள்தான். முகமும் காலும் வீங்கியிருந்தன. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். வழக்கம்போல நம் டாக்டரம்மா கேட்டார்: "என்னம்மா, ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"மாத்திரையெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. ஒடம்பு வலிக்கு செட் மட்டும்தான்."

இந்தப் பக்கத்து மக்களுக்கு 'செட்' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கடைக்காரரிடம் போய் "கால் வலி, ஒரு செட் குடுங்க" என்றால், அட்டையிலிருந்து பிய்த்த மூன்று நான்கு மாத்திரைகள் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் வரும். பெயர் தெரியாது, காலாவதித் தேதி தெரியாது. பெரும்பாலும் அதில் ஒரு வலி மாத்திரை இருக்கும். வயிற்றுக்கு ஒன்று இருக்கும். சில சமயம் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருக்கும். சாப்பிட்ட அரை மணியில் வலி பறந்துவிடும். மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். அந்தச் சகோதரி நாலு வருஷமாக, வாரத்தில் பாதி நாட்கள், இதைச் சாப்பிட்டிருக்கிறார். அதை அவர் மருந்தென்றே நினைக்கவில்லை.

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருப்பது தெரிந்தது. அதோடு, உடம்பில் இரத்தம் மிகக் குறைந்திருந்தது.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் சில இரசாயனங்களை உடம்பு தயாரிக்காதபடி தடுக்கின்றன. ஆனால் அதே இரசாயனங்கள்தாம் இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன; சிறுநீரகத்துக்கு இரத்தம் ஓடும் குழாய்களைத் திறந்து வைப்பவையும் அவைதாம். வலியை அடைக்கும் மருந்து இந்தக் காவலையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. மூன்று நாள் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் கேடு ஒன்றும் வராது. மாதக்கணக்கில், வெறும் வயிற்றில், வெப்பத்தில் உழைத்துத் தண்ணீரும் குறைவாகக் குடிக்கிறவர் சாப்பிட்டால், இரைப்பையில் புண் உண்டாகித் துளித்துளியாக இரத்தம் கசியும். சிறுநீரகமும் மெல்லக் கெடும்.

அந்தச் சகோதரிக்கு முதலில் வந்த உடம்பு வலிக்கும் அசதிக்கும் காரணமே இரத்த சோகைதான் என்பது டாக்டரின் கணிப்பு. சோகைக்கு வேண்டியது இரும்புச்சத்து. கிடைத்ததோ இரத்தத்தைக் கசியவைக்கிற மாத்திரை. கசியக் கசியச் சோகை கூடியது. கூடக் கூட வலி மிகுந்தது. வலிக்கு மீண்டும் ஒரு செட். நாலு வருஷத்தில் ஒருவரும் "ஏன் வலிக்கிறது?" என்று அவரை உட்காரவைத்துக் கேட்கவில்லை.

வேதத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீயை அறிவோம். வைத்தியர் பலரிடம் கைப்பொருளெல்லாம் செலவழித்தும் குணமாகாமல் அதிக வருத்தத்துக்குள்ளானவள் அவள். ஆண்டவர் அவளைக் குணமாக்கியதோடு போய்விடவில்லை. அத்தனை கூட்டத்தின் நடுவிலும் நின்று, தம்மைத் தொட்டது யார் என்று விசாரித்தார். அவள் தன் கதை முழுவதையும் சொல்லும்வரை கேட்டார்.

நிருபர்கள் விசாரித்தபோது

மில் பெண்களின் வலி மாத்திரையைப் பற்றி நாங்கள் மட்டும் சொல்லவில்லை. 2019 ஜூன் மாதம் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற செய்தி நிறுவனம் தமிழ்நாட்டின் ஜவுளித் தொழிலைப் பற்றி ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. அவர்கள் சுமார் 100 பெண் தொழிலாளரிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்காக வேலை இடத்தில் பெயரில்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அத்தனை பேரும் சொன்னார்கள். அதனால் தங்கள் உடல்நலம் கெட்டது என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். மாத்திரைகளைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவப் பயிற்சி இல்லாத மேற்பார்வையாளர்கள். மாத்திரையின் மேல் பெயரோ, உள்ளிருக்கும் மருந்தின் விவரமோ, தேதியோ பெரும்பாலும் இல்லை. மருத்துவர்களிடம் காட்டியபோது, அவை இபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரை வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது.

எந்த மில்லையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல முறையில் டாக்டர், நர்ஸ் வைத்து நடத்துகிற மில்களும் உண்டு. ஆனால் அந்தச் செய்தியின் உட்பொருளை நாம் தள்ளிவிட முடியாது. ஒரு பெண் அரை நாள் படுத்து எழுந்தால் தீரக்கூடிய வலி அது. அரை நாள் சம்பளம் போய்விடும், இயந்திரம் நிற்கும் என்பதற்காக அந்த வலி மாத்திரையால் மூடப்படுகிறது. மாத்திரை அங்கே ஓய்வுக்குப் பதிலாக வந்திருக்கிறது.

தூக்கத்தை விலைக்கு வாங்குதல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பாட்டியம்மாவைப் பேரன் அழைத்து வந்தான். இரவில் எழுந்து நடந்து கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குச் சேர்த்த இரண்டாம் நாள் பாட்டிக்குக் கை நடுங்கியது. புரியாத வார்த்தைகளைப் பேசினார். பிறகு வலிப்பு வந்தது. வீட்டில் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தாத்தா இறந்த துக்கத்தில் தூக்கமில்லாதிருந்த பாட்டிக்கு ஒரு டாக்டர் இரண்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்த சீட்டு அது. அந்தப் பழைய சீட்டை வைத்துக்கொண்டே ஆறு வருஷமாக மாத்திரை வாங்கப்பட்டு வந்தது. மருத்துவமனைக்கு வந்த அவசரத்தில் அதை எடுத்துவர மறந்துவிட்டார்கள்.

ஆல்ப்ரசோலம், டயசிபாம், நைட்ராசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளைக் குறுகிய காலத்துக்குக் கொடுப்பதே முறை. சில வாரங்களிலேயே மூளை அதற்குப் பழகிவிடும். பழகிய பின் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் குழப்பமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தொடர்ந்து சாப்பிட்டாலோ மறதியும் தள்ளாட்டமும் வரும், முதியவர்கள் விழுவார்கள். ஆகவே டாக்டரின் மேற்பார்வையில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே விட வேண்டும். பாட்டியம்மாவுக்கு அப்படிக் குறைத்து முடிக்க ஐந்து மாதம் பிடித்தது. எங்கள் ஆலோசகர் அந்த ஐந்து மாதமும் மாத்திரையைப் பற்றிப் பேசியதைவிடத் தாத்தாவைப் பற்றிப் பேசக் கேட்டதே அதிகம்.

பாட்டி தனி ஆள் அல்ல. புதுடில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, சிகிச்சைத் தேவைக்குப் புறம்பாகத் தூக்க மாத்திரை வகைகளைப் பயன்படுத்துவோர் இந்தியாவில் சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர். அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். இவர்களில் பலர் பயன்படுத்துவது மருந்தாகத் தயாரிக்கப்பட்ட மாத்திரையும் ஊசியும் சிரப்பும்தான்.

வாடை அடிக்காத போதை

எங்கள் மனதை அதிகமாகப் பாரப்படுத்துவது வாலிபர்களின் நிலைமை.

இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவன் கையில் பெரிய சீழ்க்கட்டியோடு வந்தான். கம்பி குத்திவிட்டது என்றான். கட்டியைக் கீறிச் சுத்தம் செய்த சிஸ்டர், முழங்கையின் உட்புறத்தில் வரிசையாக இருந்த சிறு புள்ளிகளைக் கவனித்தார். அவர் அதட்டவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டே, "தம்பி, காலையில சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவன் அழுதுவிட்டான்.

அவன் போட்டுக்கொண்டது டாபென்டடால் என்ற வலி மாத்திரை. கடுமையான வலிக்காக, டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே கொடுக்கப்பட வேண்டிய மருந்து அது. அமெரிக்காவில் 2008-லும் நம் நாட்டில் 2011-லும் அனுமதி பெற்றது. மூளையில் அபினும் மார்ஃபினும் போய் ஒட்டுகிற அதே இடத்தில்தான் இதுவும் ஒட்டுகிறது. வாயில் போட்டு விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட இந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வாலிபரிடையே பரவியது. வெளிமாநிலங்களிலிருந்து பார்சலிலும் இரயிலிலும் வந்த மாத்திரைகளைப் போலீசார் பல மாவட்டங்களில் பிடித்த செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

இதனால் வரும் கேடு பல வகை. மாத்திரையைக் கட்டியாக்கச் சேர்க்கும் மாவுப்பொருள் இரத்தத்தில் கரையாது. அது நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைக்கும். நரம்புகள் வெந்து சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்து பரவும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, அளவு கூடினால் மூச்சு விடும்படி கட்டளையிடும் மூளைப்பகுதி அடங்கிப்போவது. ஆள் உறங்குவதுபோலவே இருந்து இறந்துவிடுவான். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இந்த ஆபத்து இன்னும் மிகும்.

அந்த வாலிபனின் தாயார் சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை. "சாராயம், கஞ்சான்னா வாடை அடிக்கும் சிஸ்டர், கண்டுபிடிச்சிருவேன். இது மாத்திரைதானே. காய்ச்சலுக்குப் போடுறான்னு நெனச்சு நானே சுடுதண்ணி வச்சுக் குடுத்தேன்."

உலகம் முழுவதும் இதே கதை

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. முதுகொடிய உழைக்கும் மக்கள், தீராத வலி. அங்குள்ள சார்ல்ஸ்டன் நகரத்துப் பத்திரிகையில் வேலை பார்த்த எரிக் ஐர் என்ற நிருபர், மருந்து மொத்த வியாபாரிகளின் கணக்குகளை வழக்காடிப் பெற்று 2016-ல் வெளியிட்டார். ஆறு ஆண்டுகளில் அந்தச் சிறு மாநிலத்துக்கு 78 கோடி வலி மாத்திரைகள் அனுப்பப்பட்டிருந்தன. அதே காலத்தில் 1,728 பேர் அந்த மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டு இறந்தார்கள். 392 பேர் மட்டுமே வசித்த கெர்மிட் என்ற சிற்றூரிலுள்ள ஒரே மருந்துக்கடைக்கு இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் மாத்திரைகள் போயிருந்தன. ஒவ்வொன்றும் சட்டப்படி தயாரிக்கப்பட்டது, கணக்கில் எழுதப்பட்டது. கணக்கு இருந்தது, அதைப் பார்த்து "ஏன்?" என்று கேட்க ஆள் இல்லை. அதைக் கேட்டதற்காக 2017-ல் அந்த நிருபருக்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள்.

நம் தேசமும் இதில் குற்றமற்றதல்ல. 2025 பிப்ரவரியில் பி.பி.சி. நிருபர்கள் மும்பையைச் சேர்ந்த ஏவியோ பார்மசூட்டிகல்ஸ் என்ற கம்பெனியை இரகசியக் கேமராவோடு புலனாய்ந்து ஒரு செய்திப்படத்தை வெளியிட்டார்கள். டாபென்டடாலையும், தசைகளைத் தளர்த்தும் காரிசோபுரோடால் என்ற மருந்தையும் ஒன்றாகக் கலந்த மாத்திரைகள், கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் முதலான மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வாலிபர்களைச் சீரழித்து வந்தன. இந்தக் கலவைக்கு உலகில் எங்கும் மருந்தாக அனுமதி இல்லை. செய்தி வெளிவந்த சில நாட்களுக்குள் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, அந்தக் கலவையின் தயாரிப்பு உரிமங்களையும் ஏற்றுமதி அனுமதிகளையும் திரும்பப் பெறும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டார்.

மேற்கு வர்ஜீனியாவிலும் கானாவிலும் ஆபத்தை வெளியே கொண்டுவந்தது கேள்வி கேட்ட மனிதர்கள். நம் தமிழ் வேதாகமத்தில் 'விசாரித்தல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. கேட்டு ஆராய்ந்து உண்மையை அறிவதும் விசாரிப்புதான். ஒருவர்மேல் கரிசனை கொண்டு பராமரிப்பதும் விசாரிப்புதான். நம்மை விசாரிக்கிற தேவனை உடைய நாம், இரண்டு பொருளிலும் அயலானை விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை

2014 மார்ச் 1 முதல் 'எச்-1' என்ற அட்டவணை நடைமுறையில் உள்ளது. முக்கியமான சில கிருமிக்கொல்லி மருந்துகளும், காசநோய் மருந்துகளும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் பல மருந்துகளும் அதில் சேர்க்கப்பட்டன. இவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடால் என்ற வலி மருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. டிரமடாலுக்குப் பிடி இறுகியபின் டாபென்டடாலின் பக்கம் பலர் திரும்பினார்கள். ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசல் திறக்கிறது. வாசல்களை அடைப்பது அரசின் வேலை. அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் வாசலைத் தேடி ஓடுகிறவனின் உள்ளத்தில் என்ன காயம் என்று பார்ப்பது நம் வேலை.

மருந்தைப் பகைக்க வேண்டாம்

இதை வாசித்துவிட்டு ஒருவரும் தம் மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இரண்டு காரியங்களை அன்போடு சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, வலி நீக்கும் மருந்து தேவன் அருளிய நன்மைகளில் ஒன்று. முற்றிய புற்றுநோயால் துடிக்கிறவருக்கு மார்ஃபின் போன்ற உதவி வேறில்லை. ஆனால் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினை வைப்பதையே விட்டுவிட்டன. ஆயிரக்கணக்கானோர் வலியிலேயே மரித்தார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கிப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, சிகிச்சைக்கான மார்ஃபினைப் பெறும் வழி எளிதாக்கப்பட்டது. மரணப் படுக்கையில் இருக்கும் முதியவருக்கு மார்ஃபின் கிடைக்காமலும், தெருமுனை வாலிபனுக்கு டாபென்டடால் எளிதில் கிடைத்தும் இருப்பது எவ்வளவு தலைகீழான நிலைமை!

இரண்டாவது, விசுவாசத்தினால் மாத்திரையை விட்டேன் என்று சாட்சி சொல்வதற்காக வலிப்பு மாத்திரையையும், மனநோய் மாத்திரையையும், சர்க்கரை மாத்திரையையும், நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்திவிட்டு ஆபத்தான நிலையில் வருகிறவர்களையும் பார்க்கிறோம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. லூக்கா வைத்தியனாகவே சுவிசேஷம் எழுதினான். நிறுத்த வேண்டியதையும் டாக்டரைக் கேட்டே நிறுத்துங்கள்.

உங்கள் காணிக்கை எதற்குப் பயன்படுகிறது

அந்த வாலிபனின் கதைக்குத் திரும்புவோம். முழுவதும் குணமாகிவிட்டான் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. முதல் வாரம் உடம்பு முறுக்கி, வாந்தியெடுத்து, தூங்காமல் கிடந்தான். அதைத் தாண்டினான். இரண்டாம் மாதம் மீண்டும் விழுந்தான். அப்படி விழுவதில் பெரிய ஆபத்து உண்டு. சில வாரம் விட்டிருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது; முன்பு தாங்கிய அதே அளவே கொன்றுவிடும். தேவ கிருபையால் அவன் பிழைத்தான். திரும்ப வந்தான், மீண்டும் ஒருமுறை விழுந்து மீண்டும் வந்தான். இப்போது தொடர்ந்து வருகிறான். மருத்துவத்தில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோருக்குப் புப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்தை மேற்பார்வையோடு நாவின் கீழ் கொடுக்கும் முறையை அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே நடத்துகிறது. தமிழ்நாடு அரசும் 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. தேவையானவர்களை அங்கே அனுப்பியும் வைக்கிறோம்.

அப்படியானால் மிஷன் மருத்துவமனை எதற்கு என்று கேட்கலாம். எங்களிடம் விசேஷ மருந்து ஒன்றும் இல்லை. நாங்கள் கொடுக்கக்கூடியது நேரம். புறநோயாளிப் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கையில் ஒரு செட் கொடுத்து அனுப்புவது ஒரு நிமிஷ வேலை. "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்? எப்போது தூங்கினீர்கள்? வலி எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்பது அரை மணி நேர வேலை. அந்த அரை மணிக்கு எந்த நோயாளியிடமும் நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. ஆலோசகரின் சம்பளமும், வராமல் நின்றுபோனவரை வீடு தேடிப் போகும் பஸ் செலவும், இரத்த சோகைப் பரிசோதனையும் உங்கள் காணிக்கையிலிருந்தே நடக்கின்றன.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தான் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். கட்டுப் போடுவது ஒரு நாள் வேலை. குணமாகும்வரை பார்ப்பதற்குத்தான் அந்த இரண்டு பணம் தேவைப்பட்டது. அதைத்தான் நீங்கள் அனுப்புகிறீர்கள்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியவை

1. பெயர் தெரியாத மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். அட்டையோடு கேளுங்கள், பில் கேளுங்கள்.

2. வலி மாத்திரை மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் வலிக்குக் காரணத்தைத் தேடுங்கள்.

3. பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

4. மருத்துவமனைக்கு வரும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், செட் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

5. வீட்டு வாலிபனின் அறையில் காலி மாத்திரை அட்டைகளோ சிறு ஊசிகளோ கிடந்தால், வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தால், கூச்சல் போடுவதற்கு முன் அருகில் உட்காருங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் உண்டு.

ஆயர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடிக்கிறவனுக்காக நம் சபைகளில் வெளிப்படையாக ஜெபிக்கிறோம். மாத்திரைக்கு அடிமையானவர் பெரும்பாலும் நம் நடுவிலேயே, மதிப்பான வீட்டிலேயே, ஞாயிறுதோறும் ஆராதனையிலேயே இருக்கிறார். அவரை வெட்கப்படுத்தாமல் வரவழைக்கும் ஒரு வார்த்தை பிரசங்க பீடத்திலிருந்து வரட்டும்.

ஜெபக் குறிப்புகள்

இரவு ஷிப்டில் உழைக்கும் சகோதரிகளுக்கு ஓய்வும் நியாயமான பராமரிப்பும் கிடைக்க ஜெபியுங்கள்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்ட அந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள். செட்டை விட்டுவிட்டார், இரத்தம் ஊறி வருகிறது, சிறுநீரகம் மேலும் கெடாதிருக்க வேண்டும்.

அந்த வாலிபனுக்காகவும் அவன் தாயாருக்காகவும் ஜெபியுங்கள். அடுத்த மாதமும் அவன் வர வேண்டும்.

நேர்மையாகக் கடை நடத்தி, சீட்டில்லாமல் தர மறுத்து, அதனால் வியாபாரத்தை இழக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்காக ஜெபியுங்கள்.

விசாரிக்கும் பொறுமையை எங்கள் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் தேவன் தரும்படி ஜெபியுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது.

கர்த்தருடைய பணியில் உங்களோடு பங்குள்ள,
மருத்துவமனை ஊழியர்கள்